அமிலத்தில் கரையாத சாம்பல்

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் திரும்ப இடமில்லாமல் திணறும் ஒரு தெருவின் கடைசியில், சித்த மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் யசோதரா வேலை பார்த்தாள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று கதவில் எழுதியிருந்தாலும் அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். உள்ளே வரும் வேர், பட்டை, இலை எல்லாம் முதலில் அவள் மேசைக்கு வரும். நிறம் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகு தூளை எடைபோட்டு உலையில் எரித்து, மிஞ்சிய சாம்பலை அமிலத்தில் கொதிக்க வைப்பாள். செடியின் சாம்பல் பெரும்பாலும் கரைந்துவிடும். மண்ணும் மணலும் கரையாமல் அடியில் நிற்கும். அது எவ்வளவு என்று பார்த்துத்தான் சரக்கு உள்ளே போகலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்று சொல்வாள்.

திருப்பி அனுப்புகிறவளை யாருக்குப் பிடிக்கும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பேக்கிங் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் தகரக் கொட்டகைக்குப் போனாள். அதுவரை கலகலவென்று கேட்ட பேச்சு அவளைக் கண்டதும் நின்றது. "வாங்க மேடம்" என்று ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். மற்றவர்கள் தலைகுனிந்து வேகமாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு அவள் தன் அறையிலேயே, தராசுக்கும் கண்ணாடிக் குடுவைகளுக்கும் நடுவில் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

வீடு வியாசர்பாடியில், குடியிருப்பின் இரண்டாம் மாடியில். அப்பா பீம்ராவ் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் இருந்தவர். படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்க அவள்தான் பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வருவதும் போவதுமாக இருந்து, ஒரு கட்டத்தில் வருவது நின்றுபோனது. அப்பா போன பிறகு ஒரு டம்ளர் அரிசி போதுமானதாக இருந்தது. பகல் முழுவதும் நிலவேம்பும் சீந்திலும் பட்ட நாக்கில் சாயங்காலம் எதுவும் சரியாக உறைக்காது. குழம்பு வைத்துவிட்டு உப்பு சரியா என்று கரண்டியை நீட்ட ஆளில்லை. உத்தேசமாகப் போட்டு உத்தேசமாகச் சாப்பிட்டாள்.

பேச்சும் அப்படித்தான். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மேடம். வேலைக்கு வந்த நாளிலிருந்து அங்கே ஒரு தினுசான ஆபீஸ் தமிழே பேசி வந்தாள். "சொல்லுங்க", "பாத்துட்டு சொல்றேன்", "இல்லைங்க, இது பாஸ் ஆகாது." அப்பாவிடம் பேசிய பேச்சு, தெருவில் விளையாடிய காலத்துப் பேச்சு, அவள் வாயிலிருந்து வெளியே வந்தது வாரத்தில் ஒரு நாள்தான். அது சொக்கம்மாள் வரும் நாள்.

சொக்கம்மாள் அத்திப்பட்டிலிருந்து வருகிறவள். அறுபதைத் தாண்டிய கைம்பெண். கரிசாலை என்று அவள் சொல்லும் கரிசலாங்கண்ணியைப் பறித்து, அலசி, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டிக்கொண்டு மின்சார ரயிலில் வருவாள். ஸ்டேஷனிலிருந்து தலைச்சுமையாகவே நடந்து வந்து தரக் கட்டுப்பாட்டு அறை வாசலில் இறக்கி வைப்பாள். மூலிகையில் பெரும்பகுதி யானைக்கவுனி மண்டிகளிலிருந்துதான் வரும். ஆனால் கரிசலாங்கண்ணி மட்டும் மண்டியில் பாதி வேறு செடி கலந்திருக்கும் என்பதால், பல வருடங்களாக இவளிடம் வாங்கினார்கள். சோதனை முடியும் வரை அவள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

"இன்னாம்மா, மூஞ்சி வாடிக் கீது? நாஸ்தா துன்னியா?"

"துன்னேங்கா. நீ?"

"நானு காலைலயே ஒரு கை கரிசாலைய பருப்புல போட்டுக் கடைஞ்சி துன்னுட்டுத்தான் வண்டி ஏறுனேன். அத்தொட்டுத்தான் இந்த வயசுல மூட்ட தூக்கிகினு கீறேன்."

பிறகு ரயிலில் நடந்த சண்டை, பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய ஆடு, சூலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்யாதது என்று ஒன்றுவிடாமல் வரும். யசோதரா எடைபோட்டபடியே "அய்ய, அப்பால?" என்பாள். உலை சூடேறும் நேரத்தில் இருவரும் டீ குடிப்பார்கள். சாதாரணமாக அரை நாளில் முடியும் சோதனையை, அந்த ஒரு நாளில் மட்டும் யசோதரா அவசரப்படுத்தியதே இல்லை.

மழைக்காலம் முடிந்து வந்த மூட்டை ஒன்றில் கரையாத சாம்பல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அளவைத் தாண்டவில்லை. ஆனால் இத்தனை வருடங்களில் சொக்கம்மாள் சரக்கில் அவ்வளவு பார்த்ததில்லை.

"சரியா அலசலியாக்கா?"

"மூணு தண்ணி அலசுனேம்மா. கைய பாரு, ஊறிப் போய்க் கீது."

சேறாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுத்து வந்த மூட்டையில் அளவு இன்னும் ஏறியது. இது வேறு இடத்துச் செடியோ, மண்ணோடு வேறு ஏதாவது சேர்ந்திருக்குமோ என்று அப்போதுதான் அவளுக்கு மனது உறுத்தியது. காரீயம், காட்மியம் போன்றவற்றைப் பார்க்கும் கருவி கம்பெனியில் கிடையாது. கிண்டியில் இருக்கும் ஒரு லேபுக்கு அந்த மூட்டையிலிருந்து கொஞ்சம் அனுப்பினாள்.

சில நாட்கள் கழித்து அங்கிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். "மேடம், ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டோம். காரீயம் அனுமதிச்ச அளவுல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. செடி எங்க பறிச்சது?"

"மீஞ்சூர் பக்கம்" என்றாள் யசோதரா. சொக்கம்மாள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

மூட்டையை நிறுத்தி வைத்த செய்தி உற்பத்தி மேனேஜர் வெற்றியை அவள் அறைக்கு இழுத்து வந்தது. முப்பத்தைந்து வயது, எப்போதும் சட்டைப் பையில் இரண்டு போன், பேச்சில் மரியாதை குறையாதவன்.

"மேடம், யானைக்கவுனி சரக்கு மூணு பங்கு, இது ஒரு பங்கு. கலந்துட்டா லிமிட்டுக்குள்ள வந்துடும். கணக்கு சரியாத்தானே வருது?"

"கணக்கு வரும் வெற்றி. நான் பாஸ் போட மாட்டேன்."

"ஆர்டர் நிக்குது மேடம்."

"தெரியும். ஆனா அது மட்டும் இல்ல. இதுக்கு முந்தின மூட்டை மாத்திரையாவே போயிடுச்சு."

ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பிடி எடுத்து பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருப்பது அவளுடைய வழக்கம். மழைக்கு முந்தைய சரக்கையும் பிந்தைய சரக்கையும் ஏற்கனவே கிண்டிக்கு அனுப்பியிருந்தாள். மழைக்கு முன்னால் வந்தவை எல்லாம் சுத்தம். பின்னால் வந்த முதல் மூட்டையிலேயே காரீயம் அளவைத் தாண்டியிருந்தது.

"கடைக்குப் போனத எவன் மேடம் கேக்கப் போறான்?" என்றான் வெற்றி. குரலில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"கல்லீரலுக்குன்னு குடுக்கற மருந்து வெற்றி. மஞ்சக்காமாலை வந்தவங்க சாப்பிடுவாங்க."

அவன் போய்விட்டான். அன்று மாலை அவளே முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அந்த பேட்ச் மொத்தத்தையும் திருப்பி வரவழைங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். நன்றாகச் செய்தீர்கள் என்றோ, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை.

சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து மாத்திரையை டிரம்மில் கொட்டி, லேபிளைக் கிழித்துப் போட வேண்டும். பேக்கிங் பெண்களை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். அன்று அவர்களில் ஒருத்தியான மலர்க்கொடியின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். மூலக்கொத்தளத்தில் வீடு நிறைய ஆட்கள் இருக்க, அவள் இங்கே பாட்டில் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தாள். யசோதராவும் வந்து ஓரமாக ஸ்டூலைப் போட்டு மூடி திறக்க ஆரம்பித்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர்ந்து இடமும் விடவில்லை.

டிரம்மில் மாத்திரை விழும் சத்தத்துக்கு நடுவே மலர்க்கொடி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். யசோதரா காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். "வூட்ல ஆளு இருந்தாத்தான ஞாயித்துக்கெழமன்னா இன்னான்னு தெரியும்."

யசோதரா கையிலிருந்த பாட்டிலைத் திறந்து கொட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள். பதில் சொல்லலாம் என்று தோன்றியது. அதே பேச்சில், அதே வேகத்தில் திருப்பிச் சொல்ல அவளுக்குத் தெரியும். ஆனால் மேடம் என்று கூப்பிடுகிறவர்களிடம் அந்த வாய் திறக்கவில்லை. வேலை முடியும் வரை இருந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சொக்கம்மாளை வெற்றியே பக்கத்து வீட்டுக்காரியின் போனில் கூப்பிட்டு, இனிமேல் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. அவள் வரும் நாள் வந்தது. யசோதரா பழக்கத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஒன்றை ஆறவிட்டுக் கொட்டினாள். ஆனால் அவளை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. ஒரு கை கரிசாலையைப் பருப்பில் போட்டுக் கடைந்து தின்றுவிட்டுத்தான் வண்டி ஏறுகிறேன் என்று சொக்கம்மாள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! மாத்திரையைத் திருப்பி வரவழைத்தாயிற்று. தினமும் அதையே தின்கிறவளுக்கு யார் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டில் போய் இறங்கினாள். கரிசாலை விற்கிற சொக்கம்மா என்று கேட்டதும் ரேஷன் கடைக்குப் பின்னால் கைகாட்டினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் கயிற்றில் துணி காய்ந்தது. சொக்கம்மாள் துணியை உதறி உதறி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அட, இன்னாம்மா நீ! இம்மாந்தூரம் வந்து கீற? வா வா, உள்ள வா."

கலர் சோடா வாங்கி வரக் கிளம்பியவளைக் கையைப் பிடித்து நிறுத்தி உட்கார வைத்தாள் யசோதரா. சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொக்கம்மாளின் முகம் மாறியது.

"மண்ணு கெடந்திச்சின்னா சொல்லு, ஒத்துக்கறேன். நாலு தண்ணி அலசறேன்."

"மண்ணு இல்லக்கா. காரீயம். கண்ணுக்குத் தெரியாது. அலசுனாலும் போவாது. செடியே உள்ள இஸ்துகினு கீது."

"அப்ப நானு வெஷத்தையா வித்தேன்?"

"உனக்குத் தெரியுமா இன்னா? நீ எங்க பறிச்சே, அத்த மட்டும் நெஜமா சொல்லு. மீஞ்சூர் ஏரிக்கரையா?"

சொக்கம்மாள் எழுந்து நடந்தாள். யசோதரா பின்னால் போனாள். வீடுகள் முடிந்த இடத்தில் ஒரு வாய்க்கால். அதன் கரை முழுக்கக் கரிசலாங்கண்ணி, இடுப்பில் வைத்த குழந்தை மாதிரி கொழுகொழுவென்று வளர்ந்து, வெள்ளைப் பூ பூத்து நின்றது. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதையெல்லாம் கழுவிக்கொண்டு வருகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சாம்பலா, சாக்கடையா, லாரிகள் கழுவிய தண்ணியா? சோதனையும் அதைச் சொல்லாது.

"எம்மாம் செழிப்பா கீது பாரு" என்றாள் சொக்கம்மாள். அவளுக்கே நம்ப முடியவில்லை என்பது குரலில் தெரிந்தது. கரையிலேயே குத்துக்கால் போட முயன்று, முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தாள். "மழைக்கு மின்ன ஏரிக்கரையிலதாம்மா பறிச்சேன். சத்தியமா. அப்பால முட்டி போய்ச்சி. அம்மாந்தூரம் நடக்க முடில. இங்க வூட்டாண்டயே கீதேன்னு…"

"முடிலன்னா என்னாண்ட சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாமேக்கா."

"நிறுத்திட்டு?" சொக்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வாரத்துல ஒரு நாளு அங்க வந்து குந்திகினு பேசறேன். நீ கேட்டுகினு கீற. மத்த நாளெல்லாம் எனக்கு யாரு கீறாங்க? சுவுத்தாண்டையா பேசுவேன்?"

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல யசோதராவுக்கு வாய்வரை வந்தது. வேலையில் மேடமாக இருந்து இருந்து, தன்னைப் பற்றிச் சொல்லும் பழக்கமே விட்டுப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே இத்த துன்னாதக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"துன்னல" என்றாள் சொக்கம்மாள், சின்னப் பெண் மாதிரி.

லீவு போட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுக்க வைத்தாள். காரீயம் இருந்தது. பயப்படும்படி இல்லை, அந்தக் கீரையையும் வாய்க்கால் தண்ணியையும் விட்டுவிட்டால் மெல்ல இறங்கிவிடும், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். வரிசையில் காத்திருந்த நேரம் முழுவதும் சொக்கம்மாள் அதிகம் பேசவில்லை. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, வேறு யாரோ செய்த தப்புக்கு நிற்கிறவள் போல நின்றாள்.

பிறகு கம்பெனியில் புது ஏற்பாடு வந்தது. மூலிகை எங்கே பறித்தது என்ற சான்று இருந்தால்தான் வாங்குவது, எல்லாம் ஒரே பெரிய வியாபாரியிடமிருந்து, ஒரே மாதிரி பையில். யசோதரா பல வருடங்களாகக் கேட்டது இதைத்தான். வந்த பைகள் ஒவ்வொன்றும் ஒரே நிறம், ஒரே வாசனை. சோதனை சீக்கிரம் முடிந்தது. வாசற்படியில் வெயில் வந்து போனது.

கோடை வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் வாட்ச்மேன் போனில் கூப்பிட்டார். "மேடம், சொக்கம்மான்னு ஒரு அம்மா. சரக்கு எதுவும் எடுத்துட்டு வரல. சப்ளையர் லிஸ்ட்லயும் இல்ல. அனுப்பிடட்டுமா?"

"இருக்கச் சொல்லுங்க."

லேப் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே போனாள். சொக்கம்மாள் கேட்டுக்கு வெளியே, லாரி நிழலில் நின்றிருந்தாள். தலையில் சுமை இல்லாமல் அவளைப் பார்க்க என்னவோ போலிருந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த கடையில் டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எடைபோட எதுவும் இல்லை. உலை சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும் வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

"முட்டி எப்டி கீதுக்கா?"

"கீது." டீயைக் குடித்து முடித்துவிட்டு சொக்கம்மாள் சொன்னாள். "மவ கூப்ட்டுகினே கீறா. சூலூர்பேட்டைக்கே வந்துடுன்றா. நாளைக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லதுக்கா. அங்க பேத்திங்க கீதில்ல."

"கீதுங்க. தெலுங்குல பேசிகினு ஓடுதுங்க. எனக்குப் பாதிதான் வெளங்குது."

ஸ்டேஷன் வரை கூட நடந்தாள். சொக்கம்மாள் காலை இழுத்து இழுத்து வைத்ததால் நேரம் ஆனது. ரயில் வந்தபோது பெண்கள் பெட்டியில் அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, இறங்குவதற்குப் பதிலாக யசோதராவும் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். டிக்கெட் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"எங்கம்மா நீ?"

"சும்மா. எண்ணூர் வரைக்கும்."

விம்கோ நகர், கத்திவாக்கம். ஜன்னல் வழியாக உப்புக் காற்று அடித்தது. சொக்கம்மாளுக்குப் பழைய பேச்சு மெல்லத் திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரியின் ஆடு குட்டி போட்டதையும், இரண்டில் ஒன்று நொண்டியாகப் பிறந்ததையும் சொன்னாள். "அய்ய, அப்பால?" என்றாள் யசோதரா. அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்வதற்குள் எண்ணூர் வந்துவிட்டது.

"எறங்கு எறங்கு, வண்டி எடுத்துடுவான்" என்று சொக்கம்மாள் அவள் தோளைத் தள்ளினாள். "நேரத்துக்குத் துன்னு. வுடு, நான் போயிக்கறேன்."

ரயில் ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறி, சத்தம் மாறி, பிறகு அந்தச் சத்தமும் ஓய்ந்தது. மகளின் நம்பரையாவது கேட்டிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. படியேறி எதிர் பிளாட்பாரத்துக்குப் போனாள். அங்கே காலிக் கூடையோடு ஒரு மீன்காரப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. போன் அடித்தது. வெற்றி.

"மேடம், எங்க இருக்கீங்க? புதுச் சரக்கு இறங்கிடுச்சு."

"வர்றேன் வெற்றி. இறக்கி வைங்க, பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு, நிழல் விழுந்த பக்கமாகப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். திரும்பிப் போகும் ரயில் வர இன்னும் நேரம் இருந்தது.